ஆளக் கூட்டிட்டு வா

பள்ளிக்கூடத்து கேட் அருகே இரண்டு பைக்கும் ஒரு லோடு ஆட்டோவும் வந்து நின்றதை, ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்த புவனேஸ்வரி சன்னல் வழியாகப் பார்த்தாள். ஆட்டோவின் பின்னாலிருந்து கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்கள் குதித்தார்கள். கடைசியாக அவள் வகுப்புப் பையன் வெற்றிசெல்வன் இறங்கினான். 

"அவன் பெரியப்பன், மாமன்லாம் வந்துருக்காய்ங்கடா," என்று பின்பெஞ்சில் ஒருவன் முணுமுணுத்தான். "டீச்சரு இன்னைக்கி காலி."

வினை அவள் வாயிலிருந்துதான் கிளம்பியது. ஜூனில் இங்கே வேலைக்குச் சேர்ந்த நாள்முதல், கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், முதுகுக்குப் பின்னால் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் எழும். வாய் திறக்காமல் மூக்கால் விடுகிற சத்தம். திரும்பினால் அத்தனை முகமும் பிடித்துவைத்த பிள்ளையாராக இருக்கும். பிரம்பைத் தொடவே கூடாது என்று ஹெச்.எம். முதல் நாளே சொல்லியிருந்தார். நேற்று அவள் சடாரென்று திரும்பியபோது வெற்றிசெல்வன் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். "நான் இல்ல டீச்சர், சத்தியமா," என்றான். அவள் கேட்கவில்லை. "நாளைக்கு ஆளக் கூட்டிட்டு வா. அப்பறம் உள்ள வா," என்று கத்திவிட்டாள். 'வீட்டிலிருந்து' என்ற ஒரு சொல் கோபத்தில் தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. அது இல்லாவிட்டால் இந்தப் பக்கத்தில் அந்தப் பேச்சுக்கு அர்த்தம் வேறு; அடிதடிக்கு அழைப்பு.

ஹெச்.எம். புதுக்கோட்டைக்கு மீட்டிங் போயிருந்தார். அவர்கள் வகுப்புக்குள் வந்துவிடக் கூடாதே என்று அவளே வராந்தாவுக்கு வந்தாள். கையிலிருந்த சாக்பீஸ் வியர்வையில் பிசுபிசுத்தது. வந்தவர்களில் ஒரு இளவட்டம் வீடியோ எடுக்கச் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நீங்கதான் ஆளக் கூட்டியாரச் சொன்னதா?" என்று கேட்டார் பெரியப்பா வெள்ளைச்சாமி. தலைமுடியெல்லாம் கல்குவாரித் தூசி.

"வீட்ல பெரியவங்கள... அப்பா அம்மாவத்தான் வரச் சொன்னேங்க."

அவர் அவளையே பார்த்தார். பிறகு வெடித்துச் சிரித்தார். "அட கூறுகெட்ட பயலே! வம்புக்குல்ல கூப்புடுறாகன்னு போட்டது போட்டபடி வந்தோம்!"

அவளுக்கு மூச்சு திரும்பியது. ஆனால் சிரித்த வேகத்திலேயே அவர் கை பையனின் பிடரியைப் பற்றியது.

"அப்ப இவன் என்னமோ செஞ்சிருக்கான். நீங்கதான் அடிக்கக் கூடாதாம்ல? நாங்க அடிக்கலாம். சொல்லுங்க டீச்சர், இங்கனயே தோல உரிச்சுப்புடுறேன். இவன்தானா?"

வகுப்பு மூச்சுக் காட்டவில்லை. இத்தனை மாதமாக அவள் ஏங்கிய அமைதி. 'ஆமா' என்று ஒரு சொல் சொன்னால் போதும், இனி இந்த வகுப்பு அவள் பேச்சுக்குக் கட்டுப்படும். சொல் நாக்கு நுனிக்கு வந்தும்விட்டது. 

அப்போது அவள் முதுகுக்குப் பின்னால், வகுப்புக்குள்ளிருந்து, மெல்ல எழுந்தது அதே சத்தம். ம்ம்ம்.

"என்ன டீச்சர், உள்ள வண்டு கிண்டு பூந்துருச்சா?" என்றார் வெள்ளைச்சாமி, பிடியைத் தளர்த்தாமல். "சொல்லுங்க, இவன்தானா?"

இளவட்டத்தின் செல்போன் அவள் முகத்துப் பக்கம் திரும்பியது. வெற்றிசெல்வன் அவளையே அண்ணாந்து பார்த்தான். அவன் வாய், உதடு காய்ந்து, நன்றாகத் திறந்திருந்தது.