மூன்று பேருக்கான மாவு

பிளம்பர் வீட்டு மாவு டப்பா, வேதாகமத்தை வாய்விட்டு வாசித்தால்தான் நிறையும்; மனதுக்குள் வாசித்தால் நிறையாது. கல்யாணமான புதிதில், அவருக்கு வேலை கிடைக்காமல் அடுப்பு தூங்கிய ஒரு காலையில், மனைவி வெறும் டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சத்தமாக ஓர் அதிகாரம் வாசித்தாள். அன்று தொடங்கியது. அன்றைக்கு வேண்டியது அன்றைக்குக் கிடைக்கும். பேராசைப்பட்டு நாளைக்கும் சேர்த்து வாசித்துப் பார்த்ததில் மாவில் வண்டு விழுந்தது. போதகர் வந்து பார்த்துவிட்டு, மூடி கொஞ்சம் லூசாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மகளுக்குப் பல் முளைத்த வாரத்திலிருந்து மூன்று பேருக்கான மாவு வந்தது.

அந்த மகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் காய்ச்சலில் இறந்துபோனாள். மறுநாளும் மாவு மூன்று பேருக்கு வந்தது. "உன் ஆண்டவருக்கு எண்ணத் தெரியாதா?" என்று மனைவியிடம் கத்திய பிளம்பர், அதோடு சபைக்குப் போவதை நிறுத்தினார். வேதத்தைக் கையால் தொடவில்லை. ரொட்டியை மட்டும் தொட்டார். வயிறு என்று ஒன்று இருக்கிறதே. மூன்றாவது பங்கை மனைவி வாசலில் வருகிற யாருக்காவது கொடுத்துவிடுவாள். "அவரு தப்பா எண்ணலைங்க" என்பாள். இப்படியே இருவருக்கும் தலை நரைத்தது.

முழங்கால் தேய்ந்து அவர் வேலையை விட்டிருந்த நேரம் பார்த்து மனைவிக்குத் தொண்டையில் புற்று வந்தது. டாக்டர்கள் உயிரைக் காப்பாற்றினார்கள். குரலைக் காப்பாற்ற முடியவில்லை. வீடு திரும்பியவள் வழக்கம்போல் வேதத்தை விரித்து உதடுகளை அசைத்தாள். டப்பா காலியாகவே இருந்தது. ஒரு குழாய் அடைத்தால் வேறு வழியாகத் தண்ணீர் இழுப்பது பிளம்பரின் தொழில்புத்தி. அவள் முன்பு வாசித்ததைப் பதிவு செய்திருந்த போனை டப்பாவுக்குள் இறக்கி ஓடவிட்டார். போன் சூடானதுதான் மிச்சம்.

வீட்டில் இருந்ததை வைத்துக் கொஞ்ச நாள் ஓட்டினார்கள். அவள் துரும்பாக இளைத்தாள். ஆனாலும் நீங்கள் வாசியுங்கள் என்று ஒரு ஜாடைகூடக் காட்டவில்லை. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. ஒரு காலை, சத்தமில்லாமல் அசையும் அந்த உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், சட்டென்று வேதத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"எனக்கு இதுல நம்பிக்கையெல்லாம் இல்ல. நீ பட்டினி கிடக்கக் கூடாது, அவ்வளவுதான்."

தடுக்கித் தடுக்கி, பாதி கோபத்தோடு வாசித்தார். மகளை அடக்கம் செய்த அன்று வாசித்த சங்கீத அதிகாரம் குறுக்கே வந்தபோது குரல் உடைந்தது. நிறுத்தாமல் வாசித்து முடித்தார். டப்பாவை எடுத்தபோது கனத்தது. மூடியில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. இரண்டு பேருக்கு மட்டும் வந்திருந்தால் என்ன செய்வது என்று, இத்தனை வருஷமும் அதைத்தான் கேட்டுச் சண்டை போட்டவருக்குப் பயமாக இருந்தது.

மூன்று பேருக்கு இருந்தது. அவர் தடுக்கித் தடுக்கி வாசித்ததுபோலவே மாவும் அங்கங்கே கட்டி தட்டியிருந்தது. பிளம்பர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு குழந்தைபோல அழுதார். மனைவி அவர் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டு மாவைப் பிசையப் போனாள்.

இப்போது தினமும் அவர்தான் வாசிக்கிறார். மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் நர்ஸ், வேலை முடிந்து காலையில் திரும்பும்போது மூன்றாவது பங்கை அவளுக்குத் தன் கையாலேயே கொடுக்கிறார்.

"ரெண்டு பேர் இருக்கிற வீட்ல தினமும் எதுக்கு அங்கிள் இவ்வளவு செய்றீங்க?" என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

"நாங்க மூணு பேரும்மா."

அவள் தலையாட்டிவிட்டு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டாள். இன்றைக்குக் கட்டி குறைவாக இருக்கிறது என்றாள்.