புவாதின் லீவு முடியும்வரை

"மெதுவாங்க, வயர் இன்னும் செவத்துல இருக்கு" என்றார் முருகையா.

கம்ப்யூட்டரைத் தூக்கிய கைகளோடு புவாத் அப்படியே நின்றான். முருகையா குனிந்து வயரைப் பிடுங்கினார். முன்னறையில் ஜாபிர் மாஸ்டரின் மையத்தைக் கிடத்த இடம் வேண்டியிருந்தது. விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு வந்த புவாதின் அண்ணன் ஜாபிர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பிறகு எழும்பவில்லை. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று பதுளைப் பள்ளிவாசலில் அறிவித்தாயிற்று.

பெட்டியின் மேல்மூடி புவாதின் கையிலிருந்து நழுவப் பார்த்தது.

"ஆணி ஒண்டுமே பூட்டல்லயே?"

"மாஸ்டரு பூட்டுறதே இல்லீங்க. தெனம் தெறக்க வேண்டியிருக்குன்னுவாரு. படிச்சிக்கிட்டு இருக்கும்போதே நின்னுரும். அடிச்சதெல்லாம் போயிரும்."

"எப்ப இருந்து?"

"இப்ப கொஞ்ச நாளாத்தான். கரண்டு சரியில்லன்னாரு. ‘கரண்டுன்னா லைட்டும்ல மாஸ்டர் மினுங்கணும்?’னு கேட்டேன். ‘தோட்டத்துக் கிளாக்கருக்கு இப்ப கரண்டு வேலையும் தெரியுமோ’ன்னு என் வாய அடைச்சிட்டாரு."

முருகையா நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கிளாக்கர். சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்து, ஜாபிர் வீட்டிலேயே நடத்திய கம்ப்யூட்டர் வகுப்பில் படித்தார். இருவரும் பெட்டியையும் திரையையும் சாமான் அறையில் கொண்டுபோய் வைத்தார்கள்.

ஜித்தாவிலிருந்து லீவில் வந்தபோது புவாத் ஜாபிர் நானாவுக்கென்று கொண்டுவந்தது மெமரி சிப்புகள்தான். அவனே ஒவ்வொன்றாக வைத்து அழுத்தினான். நானா டோர்ச் பிடித்தார். கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் ஓடும் மெமரி எண்ணிக்கை, வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டிப் போனபோது நானா சின்னப் பிள்ளைபோலக் கை தட்டினார். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த கூட்டாளிகளை எல்லாம் கூப்பிட்டு அந்த எண்ணிக்கையைக் காட்டினான் புவாத். "ஊவா மாகாணத்திலயே எங்கட நானாட மெசினுக்குத்தான் இவ்வளவு மெமரி" என்பான். அவர்கள் பார்த்ததும் மெசினை அணைத்துவிடுவான். அவன் கண்முன் அது ஒருநாளும் நின்றதில்லை.

மையத்தைக் குளிப்பாட்டும்போது புவாத்தான் தண்ணீர் ஊற்றினான். நானாவின் வலது பெருவிரலில் வரிசையாகச் சிறிய குத்துக் காயங்கள். சிப்பின் கம்பிக் கால்கள் ஏறிய தடம். பள்ளி லெப்பை அந்தக் கையை மெல்லத் திருப்பி, "ஊத்துங்க தம்பி" என்றார். ஊற்றினான்.

அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து திரும்பியபோது மழை பிடித்துக்கொண்டது. ஆண்கள் வெளியே பந்தலுக்குள் ஒடுங்கினார்கள். புவாத் சாமான் அறைக்குப் போனான். திரைச்சீலைக்கு அந்தப் பக்கத்து அறையில், பிற ஆண்கள் கண்ணில் படாமல் இத்தா இருந்தாள் நானாவின் மனைவி, மதினி லரீபா.

"புவாதா?"

"ஓ மதினி."

"நீ போறத்துக்கு முந்தி அந்த மெசின ஒழுங்கா ஓடப் பண்ணித் தந்திட்டுப் போ. பொம்புளப் புள்ளைகள் உள்ளுக்கு வந்து படிக்கட்டும். எனக்கும் கொஞ்சம் தெரியும்தானே. இனி அத வச்சித்தான் நான் சீவிக்கோணும்."

புவாத் மூடியைத் தூக்கினான். பழைய சிப்புகளுக்குப் பக்கத்தில் அவன் கொண்டுவந்த புது வரிசை. அதில் ஒன்றின் முதுகில் மட்டும் சிவப்பு மையால் ஒரு புள்ளி. ஒவ்வொன்றாக இடம் மாற்றிப் பார்த்து, கெட்டது எது என்று நானா கண்டுபிடித்திருக்கிறார். ஒன்று குறைந்தாலும் வரிசை ஓடாது; மாற்றிவைக்க வேறு சிப் இல்லாததால் வரிசை முழுவதையும் கழற்றவேண்டும். கழற்றினால் மெசின் பழையபடி ஒழுங்காக ஓடும். அவ்வளவுதான் வேலை. அவர் கழற்றவில்லை.

"மதினி... கரண்டாலதான் நிக்கிது எண்டு நானா ஒங்களுக்கும் சென்னாரா?"

லரீபா திரைச்சீலைக்குக் கிட்ட நகர்ந்து வந்தாள்.

"எனக்குச் செல்லாம என்ன? ‘இது தம்பி கொண்டாந்ததுல உள்ள பிழை’ எண்டார். அப்ப கழட்டுங்களேன் எண்டன். ‘அவன் ஆக்களக் கூட்டிவந்து காட்டிறான். கழட்டினா எண்ணிக்க கொறஞ்சி போகும், அவனுக்கு வெளங்கிரும். லீவு முடிஞ்சி பிளேன் ஏறட்டும், அண்டைக்கே கழட்டுவன்’ எண்டார்."

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"நீயாகத் தேடிக் கண்டு மனசு நோக வேணாம் எண்டுதான் நான் செல்றன். நீ நல்லதுக்குத்தான் கொண்டாந்த."

புவாத் பெட்டிமேல் குனிந்தான். கத்தி நுனியால் நெம்பி, அந்த வரிசையை ஒவ்வொன்றாகக் கழற்றி, சட்டைப்பையிலிருந்த கைலேஞ்சியை விரித்து அதில் வைத்தான். பலகையில் மெமரி அளவைக் குறிக்கும் சின்னச் சுவிட்சுகளைப் பழைய நிலைக்குத் தள்ளிவிட்டு, வயரைச் செருகிக் கம்ப்யூட்டரைப் போட்டான். எண்ணிக்கை ஓடிப் பழைய இடத்திலேயே நின்றது. பச்சை எழுத்துகள் வந்தன.

ஓடுகிறதா என்று பார்க்க ஏதாவது அடிக்கவேண்டும். என்ன அடிப்பது என்று அவனுக்குத் தோன்றவில்லை. கைக்கு எட்டிய ஓர் எழுத்தில் விரலை வைத்து அழுத்தினான்.

அந்த ஒரே எழுத்து வரிசையாக ஓடியது. ஒரு வரி நிறைந்து அடுத்தது. திரை நிறைந்து மேலே உருண்டது.

"புவாத், பக்கத்து ஊட்டால சாப்பாடு வந்திரிக்கி" என்று பந்தலிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். திரைச்சீலைக்குப் பின்னால் லரீபா, "நிக்கிதா?" என்று கேட்டாள்.

"இன்னம் நிக்கல்ல மதினி."

மழை தகரத்தில் பலமாக விழுந்தது. சாப்பாட்டுக்குக் கூப்பிட்ட குரல் இன்னொரு முறை கேட்டது. புவாத் விரலை எடுக்கவில்லை. வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலேறிப் போய்க்கொண்டே இருந்தன.