மாத்திரையின் மேல் போட்ட பழி

தண்டல் ஜோன்ஸைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். மாலத்தீவுக்குத் தோணி ஓட்டிப்போகிறவன். புறப்படும்முன் அரிசி, பருப்பு, வெங்காயம் எல்லாம் எங்கள் பலசரக்குக் கடையில்தான் ஏற்றுவான். திரும்பி வரும்போது ஒரு பொட்டலம் மாசிக் கருவாடு கொண்டுவருவான். முன்பு அதை என் கையில்தான் கொடுப்பான். எனக்கு நடுக்குவாதம் வந்து, வலது கை விரல்கள் சும்மா இருக்கும்போதும் எதையோ உருட்டத் தொடங்கிய பிறகு, கல்லாவில் என் மனைவி செண்பகம் உட்கார்ந்தாள். பொட்டலமும் அவள் கைக்குப் போனது.

“மதினி, சம்பல் அரைச்சுப் பாருங்க” என்பான். மதினியாம்! யாருக்கு யார் அண்ணன்?

போன வாரம் அவன் ஏதோ சொல்ல, அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னிடம் அப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று! பொட்டலத்தைப் பிடுங்கித் தெருவில் வீசினேன். “அவன் தோணியிலயே ஏறிப் போயிருளா!” என்று கத்தினேன். கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

“அண்ணாச்சி, என்ன பேச்சு பேசுதிய” என்று தலையைக் குனிந்தபடி ஜோன்ஸ் போய்விட்டான். செண்பகம் கல்லாச் சாவியை மேசையில் வைத்தாள். ஸ்ரீவைகுண்டத்தில் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன், இனி திரும்பமாட்டேன் என்று மகளுக்குப் போன் போட்டாள். அவள் வந்து சேரும்வரை மட்டும் பொறுத்திருந்தாள்.

மகள் முத்துச்செல்வி மதுரையில் டாக்டருக்குப் படிக்கிறாள், கடைசி வருஷம். வந்ததும் நேரே என்னிடம்தான் உட்கார்ந்தாள். கையை மடக்கிப் பார்த்தாள், நடக்கச் சொன்னாள், மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்தாள்.

“இந்த மாத்திரையக் கூட்டினது எப்பப்பா?”

“சித்திரையில.”

“அம்மா மேல சந்தேகம் வந்தது அதுக்குப் பிறகா?”

என்ன பதில் வேண்டுமென்று அவள் முகத்திலேயே தெரிந்தது. சரக்கு கேட்டு வருகிறவன் முகத்தைப் படிக்கத் தெரியாதவன் கடை வைக்க முடியுமா?

“ஆமா தாயி. அதுக்குப் பிறகுதான்.”

உடனே என்னைப் பார்க்கும் நரம்பு டாக்டரிடம் போனில் பேசினாள். பேசி முடித்ததும் துள்ளிக்கொண்டு எழுந்தாள்.

“எம்மா, இங்கன வா! இது அப்பா குணமில்ல, மாத்திரை குணம். நடுமூளையில கறுப்பா ஒரு இடம் இருக்கு. அங்கன இருந்து டோபமின் வந்தாத்தான் கைகாலு சொன்னபடி கேக்கும். அங்க செல்லெல்லாம் செத்துப்போச்சு, அதான் மாத்திரை குடுக்காங்க. ஆனா அது கைக்கு மட்டுமா போவும்? ஆசை, பயம், சந்தேகம் எல்லாம் இருக்க இடத்துக்கும் போவும். வடகால் வாய்க்காலுக்குத் தொறந்த தண்ணி தென்கால்லயும் பாய்ஞ்ச மாதிரி. சிலருக்குப் பொண்டாட்டி மேல இப்படிச் சந்தேகம் வருமாம். கொஞ்சங்கொஞ்சமாக் குறைச்சிரலாம்னு டாக்டர் சொல்லுதாரு.”

கேட்கக் கேட்க எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். எவ்வளவு நல்ல மாத்திரை! அந்த நிமிஷம் ஜோன்ஸைக்கூட மன்னித்துவிட்டேன்.

செண்பகம் சேலையை மடித்துப் பையில் வைத்தபடியே பேசினாள்.

“நீ பொறக்கும்போது இங்கன ஆம்பிளை டாக்டருன்னு, இடுப்பு வலியோட என்னைய பஸ்ல ஏத்தித் திருச்செந்தூருக்குக் கொண்டு போனாரு. பாதி வழியில பனிக்குடம் உடைஞ்சிட்டு. அப்ப எந்த மாத்திரை தின்னாரு?”

முத்துச்செல்வி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

“பால்காரன மாத்துனாரு, தையக்காரன மாத்துனாரு. என் சித்தி மவன் இந்த வாசல மிதிச்சே வருசக்கணக்காச்சு. மாத்திரை நேத்து வந்தது. எப்ப ஆரம்பிச்சதுன்னு நீ என்கிட்டல்லா மொதல்ல கேட்டிருக்கணும்?”

மகளுக்கு முகம் சுண்டிப்போனது. “கூட இருக்கவங்ககிட்ட கேளுங்கன்னுதான் எங்க சார் தெனமும் சொல்லுவாரு” என்று முணுமுணுத்தாள். பிறகு எழுந்து, அம்மாவின் பையை அவளே தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

இந்த நோயில் முகம் இறுகிப்போகும், உள்ளே அழுதாலும் வெளியே தெரியாது. செண்பகம் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

தெருவில் ஆட்டோ வந்து நின்றது. ஓட்டிவந்தவன் இறங்கி, “குடுங்கக்கா” என்று மகள் கையிலிருந்த பையை வாங்கி உள்ளே வைத்தான். செண்பகம் அவனைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். நான் காலை இழுத்துக்கொண்டு வாசலுக்கு விரைந்தேன். போகாதே என்று சொல்லத்தான் போனேன்.

“யாருளா இவன்?” என்றேன்.