மடியில்தான் பால்

வாடகை வீட்டின் முன்னறையில், வேலைக்குப் போகும் அம்மாக்களின் மூன்று கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அவளைத் தெருவே ‘சித்தி’ என்றுதான் கூப்பிடும். மூவரில் இளையவனுக்கு அவள் வைத்த பெயர் அவசரம். பசி வந்தால் தொண்டை கிழியக் கத்துவான். அவன் ஆரம்பித்தால் மற்ற இரண்டும் பக்கவாத்தியம் வாசிக்கும். மாடியில் இருந்த வீட்டு ஓனருக்கு இந்தக் கச்சேரி ஆகவே ஆகாது.

“இன்னொரு தடவ இந்தச் சத்தம் கேட்டுச்சுன்னா வேற வீடு பாத்துக்கம்மா,” என்று அன்று காலை சொல்லிவிட்டுப் போனார்.

ஒத்தாசைக்காகக் கூடவே தங்கியிருந்த சித்தியின் அக்கா அதைக் கேட்டதும் சன்னல்களைச் சாத்தினாள். சித்தி அடுப்படியில் பாட்டில்களைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தபோது அவசரம் கத்த ஆரம்பித்தான். அக்காவின் மடியில் ஏற்கெனவே ஒரு குழந்தை. துண்டைச் சுருட்டி, பாயில் கிடந்த அவன் கன்னத்தருகே வைத்து, அதன்மேல் பாட்டிலைச் சாய்த்து வாயில் செருகினாள். சத்தம் சட்டென்று அடங்கியது.

அந்த அமைதிதான் சித்திக்கு உறுத்தியது. ஓடி வந்து பார்த்தாள். வாயோரம் பால் வழிந்துகொண்டிருந்தது. கண்கள் விரிந்திருந்தன. அழவும் இல்லை, இருமவும் இல்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

பாட்டிலைத் தட்டிவிட்டு, அவனை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலையைத் தாழ்த்தித் தாங்கிக்கொண்டு முதுகில் அடித்தாள். மறுபடியும் அடித்தாள். குபுக்கென்று பால் வெளியே வந்தது. அடுத்த கணம் வீடே அதிரக் கத்தினான்.

மாடிப்படியில் ஓனரின் செருப்புச் சத்தம் கேட்டது.

“காலையிலதானே சொன்னேன்? பாட்டில வாயில வச்சா சத்தம் நின்னுடும்ல?”

“வச்சுதான் சார் நின்னுச்சு. மூச்சும் சேந்து நின்னுச்சு.” சித்தி அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். “இங்க ஒவ்வொரு புள்ளையும் மடியிலதான் குடிக்கும். அதுவரைக்கும் மத்தது அழும். அழட்டும்.”

“அப்ப வீட்டக் காலி பண்ணு.”

“பண்றேன். வழிய விடுங்க, டாக்டர்கிட்ட போகணும்.”

அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியாடி? இவன் அம்மாகிட்டயாச்சும் சொல்லாத. புள்ளதான் நல்லா இருக்கானே!”

சித்தி ஏற்கெனவே போனை எடுத்திருந்தாள்.

அவசரத்தின் அம்மா பஸ் கண்டக்டர். காக்கிச் சட்டையோடு நேராக டாக்டர் வீட்டுக்கே வந்தாள். நெஞ்சில் சளியோ பாலோ தங்கவில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவள் சித்தியிடம் திரும்பினாள்.

“யாரு அப்படி வச்சது?”

“என் வீட்ல நடந்தது. நான்தான் பொறுப்பு,” என்றாள் சித்தி.

“நான்தாம்மா வச்சேன்,” என்றாள் அக்கா, தலை நிமிராமல்.

கண்டக்டர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அந்த மாதமே சித்தி வீடு மாறினாள். புது வீட்டுக்குப் பக்கத்தில் பழைய இரும்புக் கடை. குழந்தைச் சத்தத்தைப் பற்றி வாய் திறக்க அங்கே யாருக்கும் யோக்கியதை கிடையாது. மற்ற இரண்டு குழந்தைகளின் பெற்றோரிடமும் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அதில் ஒரு குழந்தையை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். “உண்மையப் பேசியே உருப்படாம போகப்போறோம்,” என்று அக்கா புலம்பினாள். ஆனால் குடிக்கிற குழந்தையை மடியில் எடுக்காமல் அவள் பாட்டிலைத் தொடவே இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை கண்டக்டர் வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் அவசரம்.

“வேற ஒரு இடத்துல விட்டுப் பாத்தேன். பாட்டிலக் குடுத்துட்டு டிவி பாத்துக்கிட்டிருந்தாங்க. அதான்...” முடிக்காமல் பிள்ளையை நீட்டினாள். “நீங்க குடுக்கறத நான் ஒரு தடவ பாக்கணும்.”

“டூட்டிக்கு நேரமாகுமே?”

“ஆகட்டும்.”

சித்தி தரையில் உட்கார்ந்து, அவன் தலையை முழங்கை வளைவில் உயர்த்தி வைத்தாள். நாலு மிடறு குடித்ததும் பாட்டிலைத் தாழ்த்தினாள். அவன் கோபத்தோடு கத்தினான். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த குழந்தையும் எழுந்து அழுதது. சித்தி அசரவில்லை. அவன் மூச்சு சீராகும்வரை காத்திருந்துவிட்டு மறுபடி கொடுத்தாள்.

கண்டக்டர் வாசற்படியில் உட்கார்ந்து, கடைசிச் சொட்டுவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.