மேல்கூடத்து நாற்காலிகள்

என் மச்சான் எனக்குத் தர வேண்டியது நாற்பத்தோராயிரத்து முந்நூறு. மாநாட்டு மண்டபத்தில் நாற்காலி போட்ட கூலி. அவர் என் மனைவியின் அண்ணன், நாற்காலி ஒப்பந்தமும் அவருடையது. அதனால் வாய்விட்டுக் கேட்கவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. மாதக் கடைசிக்குள் காலி பண்ணும்படி வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். வேறு வீட்டுக்கு முன்பணம் என்றால் அந்தக் காசுதான்.

அந்த மண்டபம் ஆதியில் தானியக் கிடங்கு. அதை இடித்துக் கட்டியபோது நான் கல் சுமந்தேன். முதலில் கீழ்க்கூடம் மட்டும். அப்புறம் மேல்கூடம், சாமான் ஏற்றும் லிஃப்ட், கூடத்தை மூன்றாகப் பிரிக்கும் நகரும் சுவர், ஆயிரம் பேருக்கு ஆக்கிப்போடும் அடுப்படி எல்லாம் வந்தன. கதவுகளின் மேல் விளக்கெரிந்த பெயர்ப்பலகைகளைப் பார்த்துத்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகினேன். விமான நிலையத்துப் பக்கம் இதைவிடப் பெரிய மண்டபம் திறந்ததும் இங்கே ஈ ஓட்டினோம். கடைசியில் இடிப்பவர்களிடம் ஒப்படைக்கப் போவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது.

"காசு கண்ணுல படல மாப்ளே," என்றார் மச்சான். "பாக்கிக்குப் பதிலா மேல்கூடத்து நாற்காலிய எடுத்துக்கன்னுட்டாங்க. பாதிய நீ தூக்கிட்டுப் போ. வித்தா உன் கணக்கு நேராயிடும்."

"விக்கலைன்னா?"

"உக்காந்து யோசிக்கலாம்."

அவர் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அந்த நாற்காலிக்கு இடப்பக்கம் மட்டும்தான் கால். வலப்பக்கம் அடுத்த நாற்காலியில் கொக்கி மாட்டி நிற்கும். வரிசை முடிகிற இடத்துக்கு மட்டும் தனியாக ஒரு இரும்புக் கால், தரையோடு முடுக்கியது. நாற்காலிகளைத்தான் எடுப்போம், போடுவோம். அந்தக் காலை நாங்கள் ஒருநாளும் கழற்றியதில்லை. அன்றைக்கும் கழற்றவில்லை. வீட்டில் இறக்கி ஒரு வரிசை போட்டபோது அது அப்படியே வலப்பக்கம் சரிந்தது. அந்தக் காலையும் கழற்றி வர வேண்டுமென்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

மண்டபத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் கேட்டில் புதுப் பூட்டு. உள்ளே மேல்கூடத்தை உடைக்கும் சத்தம்.

"நொண்டி நாற்காலிய யாருய்யா வாங்குவா?" என்றார் பழைய சாமான் கடைக்காரர். எடைக்குப் போட்டால் வண்டிக்கூலிக்குக்கூடத் தேறாது.

"எங்கண்ணன் உங்க தலைல நல்லா மொளகா அரைச்சுட்டாரு," என்றாள் மனைவி. நாற்காலிகளுக்கு நடுவே பாய் விரிக்க இடமில்லை.

"அவரு தலையிலயும் அரைச்சிருக்காங்க," என்றேன்.

எப்படியாவது புரட்டித் தருவதாக மச்சான் தினமும் போன் செய்தார். ஒருநாள் போன் வரவில்லை. அவர் மகள் வந்தாள். அப்பாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது என்றாள்.

துக்கத்துக்கு வருகிறவர்கள் உட்கார வேண்டுமே. என் வீட்டு நாற்காலிகளையே தள்ளுவண்டியில் ஏற்றிப்போய் அவர் வாசலில் வரிசையாகப் போட்டேன். வலப்பக்க முனைகளுக்குச் செங்கல் அடுக்கி முட்டுக் கொடுத்தேன்.

"எந்திரிக்கிறப்போ சொல்லிட்டு எந்திரிங்கப்பா," என்றார் மண்டபத்து எலக்ட்ரீஷியன். ஒருத்தர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். பாதி வரிசைகூட நிறையவில்லை. நிர்வாகத்திலிருந்து யாரும் வரவில்லை.

எல்லாரும் போனதும் மச்சானின் மனைவி என் பக்கத்தில் வந்து நின்றார். "அண்ணே, அந்தக் காசு..."

"எந்தக் காசும்மா?" என்றேன்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டைக் காலி பண்ண இன்னும் இரண்டு நாள் இருந்தது. செங்கற்களை எடுத்த இடத்திலேயே திருப்பி அடுக்கினேன். நாற்காலிகளை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.