ஹோஹென்எக் மேடு

மாவட்ட அலுவலகத்திலிருந்து கெப்ஹார்ட் ஷ்டோக்லேவுக்கு வந்த கடிதம் தெளிவாக இருந்தது. சனிக்கிழமை நண்பகல் பன்னிரண்டுக்குள் அவருடைய மோட்டார் வண்டி மலையுச்சியிலுள்ள ஹோஹென்எக் நகர மன்றத்தின் வாசலை அடைய வேண்டும். குதிரை இழுக்கக் கூடாது, ஆள் தள்ளக் கூடாது. தவறினால் மாவட்டத்தின் எந்தத் தெருவிலும் அதை ஓட்ட முடியாது.

தையல் மிஷின் பழுதுபார்த்துப் பிழைத்தவர் நான்கு ஆண்டுகள் உழைத்துச் செய்த வண்டி அது. ஊர் எல்லைக்கு வெளியே ஆற்றோரச் சாலையில் நன்றாக ஓடியது. மலைத்தெருவில் அதை ஒருநாளும் ஏற்றிப் பார்த்ததில்லை. அனுமதி கிடைக்கும் முன்னே அங்கே ஓட்டிப் பார்ப்பது சட்டத்துக்கு விரோதம் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார்.

சனிக்கிழமை மலைத்தெருவின் மூன்றாவது வளைவைத் தாண்டியதும் எஞ்சின் இருமி நின்றது. கெப்ஹார்ட் பிரேக்கை இறுக்கினார். மனைவி ஓட்டிலீ இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தாள். பின்னாலேயே கயிறும் இரண்டு குதிரைகளுமாக வந்துகொண்டிருந்த வண்டிக்காரன் அலோய்ஸுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"என்ன தையல்காரரே, நூல் அறுந்துபோச்சா? கயிறு கட்டிடவா?"

கெப்ஹார்ட் இறங்கி முன்மூடியைத் திறந்தார். அந்தக் காலத்தில் பெட்ரோல் விற்ற ஒரே இடமான மருந்துக்கடையில் காலையில் வாங்கி ஊற்றியது, இருக்கைக்கடியிலிருந்த தொட்டியில் பாதிக்கு மேல் கிடந்தது. எஞ்சினுக்கு வரும் குழாயோ காய்ந்திருந்தது. செங்குத்தான மேட்டில் எஞ்சின் உயர்ந்துவிட்டது, தொட்டி தாழ்ந்துவிட்டது. சமதளத்தில் தானாக இறங்கிய பெட்ரோல் மேல்நோக்கி ஏறுமா?

மணி பதினொன்றரை.

"என்னங்க, பெட்ரோல் ஏறாதுன்னா எஞ்சினக் கீழ வச்சிக்குவோம்" என்றாள் ஓட்டிலீ. "பின்பக்கமாப் போங்க."

பட்டறை முற்றத்தில் வண்டியைத் திருப்ப இடமில்லாததால்தான் அவர் பின்னோக்கி ஓடும் கியரைச் சேர்த்திருந்தார். அது மிக மெதுவானது, ஆனால் இழுவை அதிகம்.

கல்லை எடுத்துவிட்டு, வளைவின் தண்ணீர்த் தொட்டியருகே தரை சமமாகும் வரை வண்டியை உருளவிட்டார். அங்கே எஞ்சின் மறுபடி உயிர்பெற்றது. மூக்கைப் பள்ளத்தாக்குப் பக்கம் திருப்பிப் பின் கியரைப் போட்டார். ஓட்டிலீ இருக்கையில் மண்டியிட்டுப் பின்னால் பார்த்தபடி வழி சொன்னாள். இடது, இன்னும் இடது, போதும், நேரே. ரொட்டிக்கடைக்காரி மாவுக் கையோடு வாசலுக்கு ஓடிவந்தாள். ஜன்னல்கள் திறந்தன. எஞ்சின் ஒருமுறைகூட இருமவில்லை. எதிரில் ஏறிவந்த குதிரைகளின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தபடி கெப்ஹார்ட் உச்சியை அடைந்தார். அலோய்ஸ் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டான்.

பன்னிரண்டுக்கு ஆறு நிமிடம் இருந்தது.

வாசலில் நின்ற மாவட்ட அதிகாரி வண்டியைச் சுற்றி வந்தார்.

"பின்பக்கமாவா வந்தீங்க?"

"ஆமாங்க ஐயா. முன்பக்கமா வரணும்னு கடிதத்துல இல்லீங்களே."

அதிகாரி கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடித்துவிட்டுப் பேனா கேட்டார்.

முத்திரை காய்வதற்குள் கூட்டம் வண்டியை மொய்த்துவிட்டது. இறங்கும்போது மூக்கு பள்ளத்தைப் பார்க்க, பெட்ரோல் தாராளமாகப் பாய, கெப்ஹார்ட் முன்னோக்கியே ஓட்டினார். அலோய்ஸ் குதிரைகளை ஓரங்கட்டி வழிவிட்டான்.