எலிகள் மிச்சம் வைத்த தீவனம்

அப்பா தண்ணீர் பாட்டில் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். காலமெல்லாம் லாரி ஓட்டிய கை அது. மகள் வாங்கித் திறந்து கொடுத்தாள்.

"வயசு திரும்புதுன்னியே, கை மட்டும் இன்னும் திரும்பலபோல" என்று சிரித்தார்.

அவள் முதுமையை ஆராய்பவள். அவளுடைய ஆய்வுக்கூடத்தில் ஒரு பொடியைத் தீவனத்தில் கலந்து வைத்தார்கள். அதைத் தின்ற எலிகள் மற்ற எலிகளைவிட நெடுநாள் வாழ்ந்தன. இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. அதோடு விட்டாரா மனுஷன்? ஊழியர் வீட்டுப் பெரியவர்களுக்கும் ஆளுக்கொரு டப்பா கொடுத்து, சாப்பாட்டில் கலந்துகொள்ளச் சொன்னார்.

அப்பாவின் சட்டை தொளதொளவென்று தொங்கியது. தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது.

"ஏம்ப்பா வெச்சுட்டீங்க?"

"கசக்குதும்மா. தினமும் இப்படித்தான்."

"சொல்லியிருக்கலாமே!"

"நீ கண்டுபிடிச்ச மருந்தாச்சே. எப்படிக் குறை சொல்றது?"

ஒரு வாய் எடுத்துப் போட்டாள். குமட்டியது. அப்போதுதான் பொறி தட்டியது. எலிகளுக்கு வைக்கும் தீவனத்தை எடை போட்டார்கள். அவை மிச்சம் வைத்ததை யாருமே எடை போடவில்லை. கூண்டைக் கழுவும்போது வழித்துக் கொட்டிவிட்டார்கள். எலிகள் இளைத்ததைக்கூட மருந்தின் மகிமை என்று மெச்சிக்கொண்டார்கள். அரைவயிறு தின்னும் எலி அதிக நாள் வாழும் என்பது இந்தத் துறையில் அரிச்சுவடி. இத்தனை படித்தவர்கள் இருந்து என்ன பயன்? பொடி ஒன்றும் கிழிக்கவில்லை. பட்டினிதான் வேலை செய்திருக்கிறது.

அப்பாவின் டப்பாவோடு ஆய்வுக்கூடத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். பொடி வைத்த கூண்டுகளில் தீவனம் குவிந்து கிடந்தது. நேராக இயக்குநர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கூடத்துக்குப் போய் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"அதனால என்ன? ஆயுசு கூடிச்சுல்ல?" என்றார் அவர்.

"கூண்டுல கிடக்கிற எலிக்குக் கூடிச்சு சார். எங்கப்பா சதையெல்லாம் கரைஞ்சு படி ஏற முடியாம நிக்கிறாரு. விழுந்து இடுப்பு ஒடிஞ்சா உங்க ஆயுசை வெச்சு என்ன பண்றது?"

"நாளைக்கு மருந்தைப் பத்தி அறிவிப்பு. இப்ப வந்து குட்டையைக் குழப்பாதீங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையிலிருந்த டப்பாவைத் திறந்து ஒரு கரண்டிப் பொடியை அவர் தட்டில் கொட்டிக் கலந்தாள்.

"சாப்பிடுங்க சார்."

சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் ஒரு வாய் வைத்தார். முகம் கோணியது. தட்டைத் தள்ளிவிட்டார்.

"எலிங்களும் இதத்தான் சார் செஞ்சுது. எங்கப்பாதான் என் முகத்துக்காகப் பாதியாவது முழுங்கினாரு."